களிப்புப் பாட்டா, அபயக்குரலா?

உரைத்தவர் கருதியது ஒன்று, கேட்டவர் கொண்டது வேறொன்று என்னும் இக்கட்டு வேத வியாக்கியானத்தில் மட்டும் எழுவதன்று. திருச்சபைக்குப் புறம்பே தோன்றிய ஒரு பாடலும் இதனைத் தெளிவாய்க் காட்டுகிறது.

'அண்டர்வேர்ல்ட்' என்னும் ஆங்கிலேய இசைக்குழு 1995இல் வெளியிட்ட மின்னணு நடன இசைப்பாடல் 'பார்ன் ஸ்லிப்பி நக்ஸ்'. 1996இல் 'ட்ரெய்ன்ஸ்பாட்டிங்' திரைப்படத்தின் இறுதியில் ஒலித்தபின், அது பிரிட்டனின் விற்பனை வரிசையில் 2ஆம் இடத்தை எட்டியது. தலைப்பின் துணைகொண்டு பொருள் காண இயலாது. 'பார்ன் ஸ்லிப்பி' என்பது ஒரு பந்தய நாயின் பெயர். பாடலின் சொற்களோ ஒன்றோடொன்று இயைபின்றி நிற்கின்றன. ஓர் இளைஞனை நோக்கிய விளி, லண்டனைச் சார்ந்த இடப்பெயர்கள், பலமுறை அடுக்கி வரும் 'லாகர்' என்னும் பியர் வகையின் பெயர் ஆகிய இவையே செவியில் விழுகின்றன.

இசையரங்குகளில் கூடிய இளைஞர் இதனைக் குடிக் களியாட்டப் பாட்டாகவே கொண்டனர். பியர்க் குவளைகளை உயர்த்தி ஆரவாரித்தனர். அதைக் கண்டு தாம் திடுக்குற்றதாக, பாடலை எழுதிப் பாடிய கார்ல் ஹைட் பின்னர் தெரிவித்தார். அக்காலத்தில் அவர் குடிக்கு அடிமையாயிருந்தார். அவர் எழுதியது உதவி வேண்டிய ஓர் அபயக்குரல்.

ஆக்கியோனின் சாட்சி கிடைக்குமுன் இப்பொருளை அறிய வழியில்லையோ? உண்டு. சிதறிய சொற்களே மதுவால் சிதறிய மனத்தின் சாயல். நீதிமொழிகள் 23:29-35இல் குடியனின் தடுமாற்றம் அவன் வாய்மொழியாகவே வெளிப்படுவதை இங்கு ஒப்புநோக்கலாம். மேலும், ஒரே மூச்சில் பாடிப் பதிவு செய்கையில் இடம் தவறியபோதெல்லாம் அதே சொல்லைத் திரும்பச் சொன்னதாக ஹைட் கூறியுள்ளார். திட்டமிடாத அவ்வடுக்கே, அடுத்த அடி எடுத்துவைக்க மாட்டாதவனின் நிலையைப் புலப்படுத்திவிட்டது. ஆகவே ஆக்கியோனின் நோக்கத்தை மட்டுமன்றி, நூலின் வடிவத்தையும் நாம் ஆராய வேண்டியவர்களாயிருக்கிறோம்.

சீலோவில் ஆசாரியனாகிய ஏலி, அன்னாளின் உதடுகள் அசைவதைக் கண்டும் குரலைக் கேளாமல், அவளை வெறிகொண்டவளென்று எண்ணினான் (1 சாமு. 1:12-17). அங்கே மன்றாட்டு வெறியாகத் தோன்றிற்று. இங்கே வெறியின் வேதனை களிப்பாகத் தோன்றிற்று. திசை வேறாயினும் தவறு ஒன்றே: இருவகையினரும் தாம் ஏற்கெனவே எண்ணியிருந்ததையே கண்டனர். எனினும் அன்னாள் மறுமொழி கூறியபோது ஏலி செவிகொடுத்தான்; தன் கருத்தை மாற்றி, அவளைச் சமாதானத்தோடே அனுப்பினான். வியாக்கியானி கற்கவேண்டிய பண்பு இதுவே.

சபையில் உரக்கச் சிரிக்கிறவனும், தொடர்பின்றிப் பேசுகிறவனும், ஒன்றையே ஓயாமல் சொல்லுகிறவனும் நம்மிடம் வருகின்றனர். அவர்கள் பேச்சுக்கு உடனே ஒரு பொருள் கற்பித்துவிடுதல் எளிது. அவர்கள் மறுமொழி கூறுமட்டும் காத்திருக்கும் பொறுமையின்றிப் போதக ஊழியம் நிறைவுறாது.