மல்லாந்து நீந்தும் வித்தை

நம் கொங்கு நாட்டில் தோட்டத்துக் கிணறே நீச்சற் பள்ளிக்கூடம். இடுப்பிற் கயிறு கட்டியும், முதுகிற் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டியும் சிறுவரை நீரில் இறக்கிப் பழக்குதல் நம் பெரியோர் கண்ட முறை. நீந்திக் களைத்த சிறுவன் மல்லாந்து மிதந்து, வானத்தை நோக்கி இளைப்பாறுவான். ஆதலின், மல்லாந்து நீந்துதல் ஓய்வேயன்றிப் பந்தயமாகாது என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் பிழையென்பதை, பெங்களூரில் வளர்ந்த ஸ்ரீஹரி நடராஜ் என்னும் வாலிபரின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் அந்நீச்சலின் இயல்பை அறிதல் நலம். ஏனைய பந்தயங்களில் வீரர் மேடையினின்று நீரிற் பாய்வர். இதிலோ நீருக்குள் இருந்தவாறே பிடியைப் பற்றி, சுவரைக் காலால் உதைத்துப் பின்புறமாகப் புறப்படுவர். 15 மீட்டர் தூரத்துக்குள் தலை நீருக்கு மேல் வந்துவிடல் வேண்டும் என்பது விதி. அடைய வேண்டிய சுவரோ கண்ணுக்குப் புலப்படாது. சுவருக்கு 5 மீட்டர் முன்பாகக் குறுக்கே கட்டிய சிறு கொடிகளே அவர்க்கு வழிகாட்டி. கொடியைக் கண்டபின் எத்தனை கைவீச்சிற் சுவர் வரும் என்பதை எண்ணிப் பழகியிருத்தல் வேண்டும். ஒரு வீச்சு மிகுந்தால் தலை மோதும். ஒன்று குறைந்தால் கை எட்டாது, காலம் வீணாகும்.

ஒலிம்பிக் விழாவில் இப்பந்தயம் 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் புகுந்தது. 1912-இல் அமெரிக்கரான ஹெப்னர் இரு கைகளையும் மாறி மாறி வீசி நீந்தி வென்றார். அம்முறையே இன்றளவும் நிலைத்துள்ளது. 1936-இல் பெர்லினில் கீபர் 100 மீட்டரை 65.9 வினாடியிற் கடந்தார். 1988-இல் சியோலில் ஜப்பானியரான சுசுகி 55.05 வினாடியிற் கடந்து தங்கம் பெற்றார். அக்காலத்தில் வீரர் பலர் நெடுந்தூரம் நீருக்கடியிலேயே சென்றமையால், அதன்பின் அத்தூரத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது.

இனி நம் வீரரின் வரலாற்றுக்கு வருவோம். 2001-இற் பிறந்த ஸ்ரீஹரி, நிகார் அமீன் என்னும் ஆசிரியரிடம் பயிற்சி பெற்றார். டோக்கியோ விழாவுக்கு நேராகத் தகுதிபெற, 100 மீட்டரை 53.85 வினாடிக்குள் நீந்துதல் வேண்டும் என்று உலகச் சம்மேளனம் வரையறுத்திருந்தது. அதற்குமுன் இந்தியர் எவரும் இத்தகைய முதல்தர அளவை எட்டி ஒலிம்பிக் சென்றதில்லை. 2020-இற் கொள்ளைநோய் பரவியபோது நீச்சற்குளங்கள் பல மாதம் அடைபட்டுக் கிடந்தன. 2021 ஜனவரியில் அவர் தந்தையாரை இழந்தார்.

அவ்வாண்டு ஜூன் மாதம் ரோமாபுரியில் நடந்த பந்தயத்தில் அவர் 53.90 வினாடியில் நீந்தினார். குறை, ஒரு வினாடியை நூறு கூறிட்டதில் ஐந்தே கூறு! காலக்கெடு முடியும் தறுவாயில், அவ்விடத்திலேயே நேரத்தை அளக்கும் தனிச்சோதனை ஒன்றில் மீண்டும் இறங்கி, 53.77 வினாடியில் முடித்தார். சம்மேளனமும் அதனை ஏற்றுக்கொண்டது. அதே பந்தயத்தில், வண்ணத்துப்பூச்சி நீச்சலில் சஜன் பிரகாஷ் ஒரு நாள் முன்னரே இத்தகுதியை எய்தியிருந்தார்.

டோக்கியோவில் அவர் 54.31 வினாடியில் நீந்தி 27-ஆவது இடம் பெற்றார். அரையிறுதிக்குச் செல்வோர் 16 பேரே. 2022-இற் பர்மிங்காம் காமன்வெல்த் பந்தயத்தில் 50, 100 மீட்டர் இரண்டிலும் இறுதிச்சுற்றை அடைந்தார். 2024-இற் பாரிஸில் 55.01 வினாடியில் நீந்தி 33-ஆவதாக வந்தார். நேயர்கள் ஒன்றை நோக்குக: சுசுகி தங்கம் வென்ற வேகத்தினும் இவ்வேகம் சிறிது மிகுதி. எனினும் முதற்சுற்றோடு அவர் திரும்ப நேர்ந்தது; அவ்வாண்டு தங்கம் வென்ற இத்தாலியரின் நேரமோ 52.00 வினாடி. நாம் முன்னேறுங்கால் உலகம் நமக்காகக் காத்து நிற்பதில்லை.

பதக்கமில்லையே என்று இவ்வரலாற்றைத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. 53.90-க்குப் பின் மீண்டும் நீரில் இறங்கிய அம்முயற்சியே, பின்வருவோர் எட்டவேண்டிய அளவைக் காட்டியது. நம் கிணறுகள் அச்சத்தைப் போக்கி மிதக்கக் கற்பிக்கின்றன, அது பெரும்பேறே. ஆயினும் 50 மீட்டர் குளமும், நல்லாசிரியரும், பொய்யுரைக்காத கடிகாரமும் சேர்ந்தாலன்றி மிதப்பவன் வீரனாகான். இம்மூன்றும் வாய்க்குமாயின், நம் தோட்டத்துச் சிறுவரும் கொடிகளை நோக்கிக் கைவீச்சை எண்ணுங் காலம் வரும் என நம்புகின்றோம்.