மின்சாரம் ஓடாத கம்பி

அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கொல்லையில் கான்கிரீட் நீச்சல் குளம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழி தோண்டி, கம்பி கட்டி முடித்ததும் வேலையை நிறுத்திவிட்டு மின் ஆய்வாளருக்காகக் காத்திருப்பார்கள். பம்ப் இன்னும் வந்திருக்காது, ஒரு ஸ்விட்ச்கூட மாட்டியிருக்காது. வெறும் கம்பிக் கூட்டைப் பார்க்க மின் ஆய்வாளர் எதற்கு?

அவர் தேடி வருவது மேலுறை இல்லாத ஒரு செப்புக் கம்பியை. தடிமன் மூன்றேகால் மில்லிமீட்டர். கம்பிக் கூட்டில் குறைந்தது நான்கு இடங்களில் அது இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கம்பிக் கூடு இல்லாத ஃபைபர் குளமென்றால், விளிம்பிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி, மண்ணுக்குள் குளத்தைச் சுற்றி வந்திருக்க வேண்டும். பம்ப் வரப்போகும் இடத்தில் அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்தக் கம்பியில் சொல்லிக்கொள்ளும்படி மின்சாரம் ஓடவே ஓடாது. கான்கிரீட் கொட்டிவிட்டால் அதைத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. அதனால்தான் குளத்து வயரிங் மீட்டர் பெட்டியில் தொடங்காமல் குழிக்குள் தொடங்குகிறது.

தண்ணீரில் மின்சாரம் பாயும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் தூய நீரில் அது கிட்டத்தட்டப் பாய்வதே இல்லை. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகள்தான் அதைச் சுமந்து செல்கின்றன. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்பிலிருந்து தானே குளோரின் தயாரித்துக்கொள்ளும் குளங்களில் 3 கிராம் அளவில் இருக்கும், சாதாரணக் குளங்களில் இன்னும் குறைவு. நம் உடலின் திரவங்களோ லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைசலுக்கு ஈடானவை. ஆக, குளத்தில் நீந்துகிறவரின் உடல் சுற்றியுள்ள நீரைவிட நல்ல கடத்தி. மின்னோட்டம் கிடைக்கும் எல்லா வழிகளிலும் பிரிந்து ஓடும். தடை குறைந்த வழிக்குப் பெரும்பங்கு போகும். நன்னீரில் மனிதனே அந்த வழியாகிவிடுகிறான். கடலில் அதே கசிவு அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடக்கூடும். உலர்ந்த தோல் ஒரு லட்சம் ஓம் வரை தடுக்கும். ஊறிய தோலோடு உடலின் தடை ஆயிரம் ஓம், சில நேரம் அதற்கும் கீழே.

எவ்வளவு மின்னோட்டம் ஆபத்து என்பதை அளந்து பார்த்தவர் சார்லஸ் டால்சீல், பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். தன்னார்வலர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி, எந்த அளவுக்குமேல் அவர்களால் கையை விடுவிக்க முடியவில்லை என்று குறித்துக்கொண்டார். இன்றைக்கு எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு ஒப்புதல் தராது! சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அந்த ஊரின் 120 வோல்ட்டில் எரியும் ஒரு 100 வாட் குண்டு பல்பு இழுப்பதில் ஐம்பதில் ஒரு பங்குதான் அந்த 16. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவை என்பதால் கை கம்பியை இன்னும் இறுகப் பற்றுகிறது. நீருக்குள் பற்ற எதுவும் இருக்காது, ஆனால் கைகால் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார். உடலில் தடயமும் பெரும்பாலும் இராது.

20 ஆம்பியர் பிரேக்கர் இந்த அளவைக் கண்டுகொள்வதே இல்லை. அது காப்பது வயரை, ஆளை அல்ல. ஆளைக் காக்கும் கருவியை 1961-இல் உருவாக்கியவரும் அதே டால்சீல்தான். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே காந்த வளையத்துக்குள் செலுத்தினார். போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை வளையம் சும்மா இருக்கும். 5 மில்லிஆம்பியர் குறைந்தால்கூட, அது வேறெங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாகப் போகிறது என்று பொருள். உடனே இணைப்பு துண்டிக்கப்படும். நம் வீடுகளில் இருக்கும் ஆர்சிசிபி இதற்கு உறவுக்காரர். அது வழக்கமாக 30 மில்லிஆம்பியருக்கு அமைக்கப்படுவது. அமெரிக்காவின் தேசிய மின் விதிகள் இந்தக் கருவியை முதன்முதலில் கேட்டது 1968-இல், நீருக்கடியில் எரியும் குள விளக்குகளுக்கு. குளியலறை பிளக்குகளுக்கு அது வர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

இத்தனையும் மாட்டிய பிறகும் சில குளங்களில் ஒரு வினோதம் நடப்பதுண்டு. ஒருவர் ஈரக்காலைக் கரையில் ஊன்றி ஏணியின் கைப்பிடியைப் பிடிக்கிறார், விரலில் சுருக்கென்கிறது. பம்ப் பிரேக்கரை அணைத்துப் பார்க்கிறார்கள். சுருக் போகவில்லை. வீட்டின் மெயினையே அணைக்கிறார்கள். அப்போதும் போகவில்லை. டால்சீலின் கருவி அசையவே இல்லை; அதன் கணக்கில் எந்த மின்சாரமும் காணாமல் போகவில்லையே.

அந்த மின்னழுத்தம் தெருவிலிருந்து வருகிறது. அமெரிக்க மின் விநியோகத்தில் நியூட்ரல் கம்பியை மைலுக்குக் குறைந்தது நான்கு இடங்களில் மண்ணோடு இணைப்பார்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் மின்னோட்டம் அதன் வழியாகவும், ஓரளவு மண் வழியாகவும் திரும்பிப் போகிறது. எந்தக் கம்பிக்கும் கொஞ்சம் தடை உண்டு என்பதால், அந்த நியூட்ரல் தூரத்து மண்ணைவிடச் சில வோல்ட் உயர்ந்து நிற்கும். வீட்டு மீட்டரருகே நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. அங்கிருந்து எர்த் கம்பி பம்புக்குப் போகிறது, விளக்குக்குப் போகிறது, அவற்றின் வழியே நீரையும் ஏணியையும் எட்டுகிறது. பாதுகாப்புக்கென்று போட்ட கம்பியே தெருவின் மின்னழுத்தத்தைக் குளத்துக்குச் சுமந்து வருகிறது. கரையின் மண்ணோ அதைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே வெறுங்காலோடு ஒரு மனிதர்.

எர்த் சரியில்லை, இன்னொரு கம்பியை அடி என்பதுதான் பலரும் உடனே சொல்லும் யோசனை. அது பயன்படாது. எட்டடிக் கம்பியை மண்ணில் அடித்தாலும் 25 ஓம் தடை இருப்பது சாதாரணம். 120 வோல்ட் முழுதாகக் கசிந்தாலும் அதன் வழியே 5 ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும், பிரேக்கர் விழாது. கைக்கும் காலுக்கும் இடையிலான வேறுபாடும் அப்படியே நிற்கும்.

ஆய்வாளர் தேடிய செப்புக் கம்பிக்கு இங்கேதான் வேலை. அது மின்னழுத்தத்தை விரட்டப் பார்ப்பதில்லை, எல்லா இடத்திலும் ஒன்றாக்கிவிடுகிறது. கம்பிக் கூடு, ஏணி, கைப்பிடி, பம்பின் உடல், விளக்கின் உறை, கரையின் தளம் எல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. குளத்து நீரும் விலக்கல்ல: குறைந்தது 9 சதுர அங்குல உலோகப் பரப்பாவது நீரைத் தொட்டபடி இந்தப் பிணைப்பில் சேர வேண்டும். நீர் 4 வோல்ட்டில் நின்றால் ஏணியும் 4 வோல்ட், காலடித் தளமும் 4 வோல்ட். வேறுபாடு இல்லையென்றால் ஓட்டமும் இல்லை. விளிம்பிலிருந்து மூன்றடி வரை தரை இப்படிச் சமமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. நீரில் இருப்பவரைத் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரும் அதே அழுத்தத்தில் இருப்பார். இந்தக் கம்பியை வீட்டின் மின்பெட்டி வரை தனியாக இழுத்துச் செல்லத் தேவையில்லை என்று அதே விதி சொல்வது புதிய எலக்ட்ரீஷியன்களைக் குழப்பும். அதன் வேலை குளத்தடியோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மைக்கேல் ஃபாரடே 1836-இல் லண்டனில் இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்து பார்த்தார். பன்னிரண்டு அடிக் கனசதுர அறை ஒன்றைக் கட்டி, அதைக் கடத்தியால் போர்த்தி, வெளியே தீப்பொறி பறக்குமளவு மின்னேற்றச் செய்து, தான் உள்ளே அமர்ந்துகொண்டார். கையிலிருந்த நுண்கருவிகள் எதுவும் அசையவில்லை. குளம் அந்த அறையின் அடிப்பாதி மாதிரி. கான்கிரீட் மின்சாரத்தைக் கடத்தாது என்ற நம்பிக்கையையும் இங்கே விட்டுவிட வேண்டும். ஈரமான கான்கிரீட் நன்றாகவே கடத்தும், அதனால்தான் கரைத் தளம் இந்தக் கணக்கில் வருகிறது. கம்பிக் கூட்டைக் கட்டும் சாதாரணக் கட்டுக்கம்பியே போதுமான இணைப்பாகும். துருப்பிடிக்காதிருக்க எபாக்சி பூசிய கம்பியென்றால் அந்தப் பூச்சே தடை, அப்போது செம்பில் தனியாக ஒரு வலை பின்ன வேண்டிவரும்.

குளத்தில் குளிக்கிறவர்களோடு இந்தத் தொல்லையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இன்னொரு கூட்டம் உண்டு: பால்பண்ணை மாடுகள். நான்கு காலும் சாணமும் ஈரமுமான கான்கிரீட்டில், வாய் உலோகத் தண்ணீர்த் தொட்டியில். நமக்கு உறைக்காத ஓரிரு வோல்ட்டுக்கே அவை தண்ணீர் குடிக்கத் தயங்கும். கால்நடைக் கொட்டில்களிலும் இதே சம மின்னழுத்தப் பிணைப்பை அந்நாட்டு விதிகள் கேட்கின்றன.

மற்ற விதிகளில் பாதி கை எட்டும் தூரத்தைப் பற்றியவை. பிளக் ஆறடிக்கு அப்பால், ஸ்விட்ச் ஐந்தடிக்கு அப்பால். குளத்துக்கு மேலே போகும் மின்கம்பி நீர்மட்டத்திலிருந்து 22.5 அடி உயரத்திலாவது இருக்க வேண்டும். அவ்வளவு உயரம் எதற்கு என்று தோன்றினால், குப்பை அள்ளும் வலையின் அலுமினியக் கழி எவ்வளவு நீளம் என்று பாருங்கள். நீருக்கடி விளக்குகளுக்கு இப்போது பெரும்பாலும் 12 வோல்ட் எல்இடி.

மின்சாரத்தை நிஜமாகவே விழுங்குவது குளமல்ல, பக்கத்தில் வைக்கும் ஸ்பா. 1,500 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 42 யூனிட் வேண்டும். 5.5 கிலோவாட் ஹீட்டர் ஏழரை மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டிய கணக்கு இது. 240 வோல்ட்டில் ஹீட்டருக்கே 23 ஆம்பியர், நீரைப் பீய்ச்சும் பம்புகள் அதற்கு மேல். அதனால் 50 ஆம்பியர் இணைப்பு வழக்கமாகிவிட்டது. மொத்தமே 100 ஆம்பியர் வாங்கியிருக்கும் பழைய வீட்டில், ஸ்பாவுக்கு ஆசைப்பட்டவர் மின் இணைப்பையே பெரிதாக்க நேரலாம்.

குளத்துப் பம்பில் மட்டும் இயற்பியல் நம் பக்கம் சாய்கிறது. பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டமும் பாதியாகும், ஆனால் மின்தேவை எட்டில் ஒரு பங்குக்கு இறங்கும். அதே அளவு நீரைச் சுற்ற இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் கால்பங்கு யூனிட்தான். மாறுவேகப் பம்பு விலை அதிகம், வேண்டாம் என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். அதற்குக் கட்டுப்பாட்டு வயர் போக, கரைத் தளம் போடுவதற்கு முன்பே ஒன்றிரண்டு காலிக் குழாய்களைச் சேர்த்துப் புதைத்துவிடச் சொல்லுங்கள். பிவிசி குழாயென்றால் 18 அங்குல ஆழம். கான்கிரீட்டை உடைத்து வயர் இழுக்கும் கூலியோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.