வடக்குப்பட்டு தொல்லியல் களம்

வடக்குப்பட்டு என்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடம் தொழிற்பகுதிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர் ஆகும். இவ்வூரில் உள்ள மேட்டில் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் 2022ஆம் ஆண்டு அகழாய்வு மேற்கொண்டது.

கிடைத்த பொருள்கள்

அகழாய்வில் இடைக்கற்காலக் கருவிகள் கிடைத்தன. இவை ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனத் தொல்லியல் துறையினர் கணித்தனர். கற்கருவிகள் செய்யும் இடமாக இது இருந்திருக்கலாம் என்றும் கருதப்படுகிறது. கண்ணாடி மணிகள், சிறிய பொன் அணிகள் ஆகியவற்றுடன் உரோமானிய ஆம்போரா சாடியின் உடைந்த துண்டுகளும் கிடைத்துள்ளன. ஆம்போரா என்பது மதுவும் எண்ணெயும் கொண்டு செல்லப் பயன்பட்ட இருபிடிச் சாடி. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் இத்தகைய துண்டுகள் கிடைத்துள்ளன. கடல் வணிகத்தின் தொடர்பு உள்நாட்டு ஊர்கள் வரை நீண்டிருந்ததை இவை உணர்த்துகின்றன.

பின்னணி

இப்பகுதியின் தொல்பழங்கால வரலாறு பல்லாவரத்தில் வெளிப்படத் தொடங்கியது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நிலவியலாளர் இராபர்ட் புரூசு ஃபூட் அங்கே ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவர் திரட்டிய தொல்பொருள்களை 1904இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் பெற்றது.

மண்ணடுக்கின் முக்கியத்துவம்

தொல்பொருள் எந்த மண்ணடுக்கில், எவற்றுடன் கிடைத்தது என்பதே அதன் காலத்தை அறிய உதவுகிறது. அடுக்கு கலைந்தபின் அதே பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்தாலும், அது சொல்லக்கூடிய செய்தியில் பெரும்பகுதி போய்விடும். தொழிற்சாலைகளுக்கும் சாலைகளுக்கும் மண் அள்ளப்படும் ஒரகடம் போன்ற பகுதியில் இந்த இழப்பு ஒரே நாளில் நேரக்கூடும்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொற்காசையும் செப்புத் திருமேனியையும் கண்டவர்கள் அவற்றின் மதிப்பை எளிதில் உணர்வர். கற்சில்லும் பானையோடும் சந்தையில் விலைபோகாதவை; பார்ப்பதற்கு வெறும் கல்லும் ஓடும் போலவே இருப்பவை. ஆனால் வடக்குப்பட்டின் பழமைக்குச் சான்றாக நிற்பவை அவையே. ஆகவே பள்ளம் தோண்டும்போது இத்தகையவை மிகுதியாகத் தென்பட்டால், அவற்றை இடம் மாற்றாமல் வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பது நல்லது.