பூச்சி மருந்தும் மனித உயிரும்

பயிருக்குத் தெளிக்கும் விஷத்துக்கு நம் கிராமத்து ஜனங்கள் இட்டிருக்கும் பெயர் ‘மருந்து’ என்பதாகும். வயலுக்கு மருந்தடித்தல், மருந்துக் கடை, மருந்து டப்பா என்று எங்கும் இதே வழக்கு. ஒருவன் மனமுடைந்து அதைக் குடித்துவிட்டாலும் ‘மருந்து குடித்துவிட்டான்’ என்றே கூறுகிறோம். இது வெறும் சொல்வழக்காக இருக்குமானால் நாம் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டோம். நோயாளியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியதும் டாக்டர் கேட்கும் முதற் கேள்வி, ‘என்ன விஷம்?’ என்பது. உடன் வந்தவர்கள் பெரும்பாலும் தரும் விடை, ‘ஏதோ பூச்சி மருந்து, ஐயா’ என்பதே. இந்த விடையால் டாக்டருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விஷங்கள் அந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு விஷத்துக்கு உயிர் கொடுக்கும் சிகிச்சை மற்றொன்றுக்குக் கேடாக முடிவதும் உண்டு.

நாம் வக்கீல் தொழில் நடத்திய காலத்தில் ஒரு கேஸில் கண்டது இன்றும் மறக்கவில்லை. இறந்துபோன வாலிபன் அருந்திய விஷத்தின் புட்டி, அரக்கு முத்திரையுடன், பெயரும் எண்ணும் ஒட்டப்பட்டு, கோர்ட்டு மேஜையின் மீது பத்திரமாக இருந்தது. அந்தப் புட்டியை அவனுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன அன்றுதான் முதன் முதலாகப் பார்த்தார். உயிருக்கு உதவ வேண்டிய வேளையில் ஒளித்து வைக்கப்பட்ட பொருள், உயிர் போன பிறகு சாட்சியப் பொருளாக வந்து சேர்ந்தது.

இவ்விஷயத்தில் நம் தேசத்துக்குப் பாடம் கிடைக்காமற் போகவில்லை. 1958-ம் வருஷத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் உணவுப் பண்டங்களும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, விஷம் கசிந்து உணவில் கலந்தது. கேரளத்திலும் சென்னை ராஜ்யத்திலும் அதை உண்டவர்களில் 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. பிறகு பத்து வருஷம் கழித்து, 1968-ல், பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. ஆயினும் 2013-ம் வருஷம் ஜூலை 16-ம் தேதியன்று, பீஹாரில் ஸாரண் ஜில்லாவைச் சேர்ந்த கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு அருந்திய குழந்தைகளில் 23 பேர் உயிரிழந்தனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டபாஸ் என்ற விஷம் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிய வந்தது. 1958-ல் கொன்றதும் 2013-ல் கொன்றதும் ஒரே குலத்து விஷங்கள். ஆர்கனோபாஸ்பேட் என்பது அக்குலத்தின் பெயர். நம் வயல்களில் அதிகமாகப் புழங்கி வந்திருப்பதும் இந்தக் குலமே யாதலால், அதன் குணத்தைச் சிறிது விரிவாகக் கூறுவோம்.

நரம்பு இடும் கட்டளையைத் தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் கொண்டு சேர்ப்பதற்கு அஸிட்டில்கோலின் என்ற பொருள் உடலில் உண்டாகிறது. கட்டளை சேர்ந்ததும் அதை அழித்துவிட ஓர் என்ஸைம் இருக்கிறது. விஷம் இந்த என்ஸைமின் கையைக் கட்டிப்போடுகிறது. அதன் பிறகு கட்டளைக்கு ஓய்வே இல்லை. வியர்வை வெள்ளமாய்ப் பெருகுகிறது; உமிழ்நீர் கடைவாயில் வழிகிறது; கண்ணீர் ஓடுகிறது; வாந்தியும் பேதியும் உண்டாகின்றன; சிறுநீர் தானே கழிகிறது. கண்ணின் பாவை ஊசிமுனை யளவாகச் சுருங்கிவிடுகிறது. தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் தசைகள் துடிக்கின்றன. நாடி பெரும்பாலும் மந்தமாகும். சிலருக்கு வேகமாக ஓடுவதும் உண்டு. இவையெல்லாவற்றிலும் பயங்கரமானது மார்புக்குள் நீர் சுரந்து மூச்சு களகளவென்று சப்திப்பதாகும். அநேகர் மாள்வது சுவாசம் அடைபட்டோ, சுவாசத் தசைகள் சோர்ந்தோதான். நோயாளியின் மூச்சிலும் உடையிலும் பூண்டு போன்ற நெடி வீசுமானால் சந்தேகம் பெரிதும் தீர்ந்துவிடும்.

விஷம் குடித்தவனை அடையாளம் கண்டுகொள்வது ஒருவாறு எளிது. தெளிப்பதற்குப் போன கூலியாளை அடையாளம் காண்பதே கடினம். இவ்விஷம் வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்புகும். நடுப்பகல் வெயிலில், வெற்றுடம்போடு, காற்றுக்கு எதிர்முகமாகத் தெளித்துவிட்டு வந்தவன் தலைவலி, மயக்கம், வாந்தி என்று படுத்தால், வெயில் தாக்கிவிட்டதென்று மோர் கொடுத்து நிழலில் கிடத்துகிறார்கள். வாந்தி பேதி என்றாலோ கெட்ட உணவின் மேல் பழி விழுகிறது. 2017-ம் வருஷத்தில் மஹாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்தி வயல்களுக்குத் தெளிக்கச் சென்ற விவசாயிகளும் கூலிகளும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்தனர். அவர்களில் 20-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் யாரும் சாவதற்காக வயலுக்குப் போனவர்கள் அல்லர்.

சிகிச்சையின் விஷயம் வருமாறு. முதலில் சுவாசப் பாதையைச் சுத்தம் செய்து பிராணவாயு கொடுக்க வேண்டும். உடனேயே அட்ரோபின் ஊசி போட வேண்டும். இது பழைய மருந்து; விலை மலிவானது; உலக ஆரோக்கிய ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஊமத்தைக் குலத்துச் செடிகளின் விஷச் சத்திலிருந்து வந்தது இது என்பதைக் கேட்டால் நம் சித்த வைத்தியர்கள் புன்னகை செய்வார்கள். (அதற்காக எவரும் ஊமத்தங்காயைத் தேடி ஓட வேண்டாம், அது இரண்டாவது விஷமாகவே முடியும்.) வயது வந்தவருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை கொடுத்து, 5 நிமிஷத்தில் குணம் தெரியாவிட்டால் இரு மடங்கும், பின்னர் மறுபடி இரு மடங்குமாக ஏற்றிக்கொண்டு போவது இன்றைய முறை. எதுவரை என்றால், மார்பின் ஓசை தெளிந்து, அக்குள் உலர்ந்து, நாடி 80-க்கு மேலும் ரத்த அழுத்தம் 80-க்கு மேலும் நிற்கும் வரை. மற்ற நோய்களுக்கு அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் கொடுத்துப் பழகிய கை இங்கே தயங்கும். அந்தத் தயக்கம் உயிரைக் குடிக்கும். அளவு மிஞ்சினாலும் தெரிந்துவிடும்: காய்ச்சல் ஏறும், நோயாளி பிதற்றுவான், வயிற்றின் ஓசை அடங்கும். ஆகையால் இச் சிகிச்சைக்கு மருந்தைக் காட்டிலும் கட்டிலருகே நின்று கவனிக்கும் ஆளே முக்கியம்.

பிராலிடாக்ஸைம் என்ற மற்றொரு மருந்தும் உண்டு. கட்டுண்ட என்ஸைமை அவிழ்த்து விடுவதே அதன் நோக்கம். வேலூரில் நடந்த பரிசோதனைகளில் அதனால் நன்மை காணப்படவில்லை. 2006-ல் பாராமதியிலிருந்து வந்த ஆராய்ச்சி, பெரிய அளவில் இடைவிடாமல் கொடுத்தால் நன்மை உண்டு என்றது. 2009-ல் இலங்கையில் முடிந்த பரிசோதனை மறுபடியும் இல்லை என்றது. வக்கீல்கள் பாஷையில், வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. இம்மருந்துக்காகத் தாலியை அடகு வைக்க ஓடும் குடும்பத்தாரிடம், முதலில் வேண்டியது அட்ரோபினும் பிராணவாயுவும் ஓயாத கண்காணிப்புமே என்று டாக்டர்கள் எடுத்துச் சொல்வது தர்மம்.

நோயாளி தெளிந்து பேசத் தொடங்கியதும் வீட்டுக்கு அழைத்துப் போக அவசரப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1987-ல் ஸேனநாயக்க, கரலியத்த என்ற இரு இலங்கை வைத்தியர்கள் ஒரு புதிய அபாயத்தை விவரித்து எழுதினார்கள். முதல் கண்டம் தாண்டி, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் திடீரென்று சோர்ந்துவிடுகின்றன. தலையணையினின்று தலையைத் தூக்கச் சொன்னால் நோயாளியால் முடியாது. இது கண்ட க்ஷணமே செயற்கைச் சுவாச யந்திரம் அருகில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் ‘தலையைத் தூக்கு’ என்று சொல்லிப் பார்ப்பதற்கு யாதொரு செலவும் இல்லை.

பெயர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. அதில் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடும். மேற்கூறிய விஷத்துக்கோ பிராணவாயுதான் முதல் உதவி. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை உண்டவர் ஓரிரு நாள் சுகமாக இருப்பதுபோல் காண்பார். அதற்குப் பின்னரே ஈரல் கெட்டுப்போவது வெளிப்படும். புட்டியோ, டப்பாவோ, கிழிந்த உறையோ, கையில் அகப்பட்டதை நோயாளியோடு கொண்டு போங்கள் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

வீட்டில் செய்யத் தக்கது கொஞ்சமே. செய்யத் தகாதது அதிகம். உப்பு நீர், புளிக் கரைசல், சாணிக் கரைசல் முதலியவற்றைப் பலவந்தமாகப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். மயங்கியவன் எடுக்கும் வாந்தி நுரையீரலுக்குள் போகிறது. விஷத்தோடு கலந்துள்ள எண்ணெயும் கூடவே போகிறது. விஷம் பட்ட உடையைக் களைந்து, உடம்பையும் தலையையும் சோப்பு நீரால் கழுவி, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஒன்றும் ஊற்றாமல் வண்டி ஏற்ற வேண்டும். கழுவுகிறவர் கைக்கு உறை அணிவது அவசியம்.

புட்டி ஏன் ஒளிக்கப்படுகிறது? போலீஸுக்குப் பயந்துதான். தற்கொலை முயற்சி குற்றமென்ற பழைய சட்டத்தின் நிழல் இன்னும் ஜனங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, அவ்வாறு முயன்றவரைக் கடுமையான மனவேதனைக்கு உட்பட்டவராகவே கருதி, தண்டனையினின்று விலக்கியது. 2024 ஜூலை 1-ம் தேதி முதல் அமுலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய 309-வது பிரிவு இடம்பெறவே இல்லை. அரசாங்க ஊழியரை நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ அவ்வாறு முயல்வதை மட்டுமே அது குற்றமாக வைத்திருக்கிறது. போலீஸ் கேஸ் என்று சொல்லி நோயாளியைத் திருப்பி அனுப்பும் டாக்டருக்கும் சட்டத்தில் இடமில்லை. சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் உயிரைக் காப்பதே டாக்டரின் கடமை என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-ம் வருஷத்திலேயே பரமானந்த கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இவற்றைக் கிராமச் சாவடியில் நின்று உரக்கச் சொல்ல வேண்டியவர்கள் யார்? நாம்தான். விஷத்தை விழுங்கியவர்களில் எத்தனையோ பேர் ஒரு நொடி ஆத்திரத்தில் செய்துவிட்டு, மறு நொடியே பிழைக்க விரும்புகிறார்கள்.

இனி சர்க்காரின் பொறுப்பு. இலங்கை சர்க்கார் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை 1984 முதல் படிப்படியாக விலக்கி, 1995-ல் மானோகுரோட்டபாஸையும், 2011-க்குள் பாராகுவாட்டையும் ஒழித்தது. 1995-க்கும் 2015-க்கும் இடையே அந்நாட்டில் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. நெல் விளைச்சல் அதனால் குறையவில்லை என்றும் ஆராய்ச்சியாளர் கண்டனர். நம் மத்திய சர்க்காரோ, மானோகுரோட்டபாஸைக் காய்கறிப் பயிருக்கு உபயோகிக்கக் கூடாதென்று 2005-ல் விலக்கி, முற்றும் நிறுத்துவதற்கு உத்தரவு போட 2023 வரை காத்திருந்தது. அந்த 18 வருஷத்துக்கு நடுவில்தான் கண்டாமன் குழந்தைகள் உண்ண உட்கார்ந்தார்கள்.

சட்டமே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1968-ம் வருஷத்துச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, விஷ பாதகம் ஒவ்வொன்றையும் அறிவிக்க வேண்டுமென்று மாநில சர்க்கார் உத்தரவிடலாம். 1971-ம் வருஷத்து விதிகளோ, மாற்று மருந்தையும் முதலுதவிச் சாதனங்களையும் தயாரிப்பவரும் விநியோகிப்பவரும் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் விஷக் குறிகளையும் முதலுதவியையும் மாற்று மருந்தையும் விளக்கும் துண்டுப் பிரசுரம், அவ்விடத்துப் பாஷையிலும் அச்சிட்டு வைக்கப்பட வேண்டும் என்கின்றன. நம் வாசகர்களில் கிராம ஊழியத்தில் ஈடுபட்டவர்கள் தங்கள் ஊர் மருந்துக் கடைக்குச் சென்று, அந்தப் பிரசுரம் தமிழில் இருக்கிறதா, படிக்கத் தக்க எழுத்தில் இருக்கிறதா, பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவு வேளையிலும் அட்ரோபின் கிடைக்கிறதா என்று விசாரித்து நமக்கு எழுதுவார்களாக. வரும் கடிதங்களைத் தேதியுடனும் ஊர்ப் பெயருடனும் இப்பக்கத்திலேயே பிரசுரிப்போம்.