கடல் மீனும் வளர்ப்பு மீனும்

பினாங்குத் தீவில், கொடிமலையின் அடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் அமைந்துள்ளது. இவ்வூருக்குக் கடற்கரை இல்லை. எனினும், இங்குள்ள சந்தையில் நாள்தோறும் மீன் விற்பனையாகிறது. இவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற அசாம் லக்சாவின் குழம்புக்குக் கெம்போங் மீனே அடிப்படை. மலையடிவாரத்தில் வாழ்பவர்களும் கடலை நம்பியே உண்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

ஆனால், கடல் வற்றாத களஞ்சியம் அன்று. உலகக் கடல் மீன் இருப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுவதாக ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் தெரிவிக்கிறது. இழுவை வலை கடலடியை வாரிக்கொண்டு செல்லும்போது, வளர்ந்த மீன்களோடு குஞ்சுகளும் சிக்கி மடிகின்றன. குஞ்சுகள் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீன்வரத்து குறையும். அப்போது பெரிய கப்பல்கள் தொலைவிலுள்ள கடற்பகுதிகளுக்குச் செல்லலாம். கரையோரத்தில் சிறு படகில் தொழில் செய்யும் மீனவருக்கு அந்த வசதி இல்லை. எனவே, முதல் இழப்பு அவருடையதே.

இந்நிலையில், மீன் வளர்ப்பு பெரும் நம்பிக்கை அளிக்கிறது. 2022ஆம் ஆண்டில் மீன், இறால் முதலிய நீர்வாழ் உயிரினங்களின் வளர்ப்பு 9 கோடியே 44 இலட்சம் டன்னை எட்டியது. இயற்கை நீர்நிலைகளில் பிடிக்கப்பட்ட அளவை அது முதன்முறையாக விஞ்சியது.

அப்படியென்றால், சிக்கல் தீர்ந்துவிட்டதா? அதனை மூன்று கேள்விகளின்வழி ஆராயலாம்.

முதலாவது, வளர்ப்பு மீன் எதனை உண்கிறது? கொடுவா, களவா போன்றவை பிற மீன்களை உண்பவை. அவற்றின் தீவனத்திற்காகக் கடலில் சிறு மீன்களைப் பிடித்தால், கடலின் சுமை குறையாது. திலாப்பியா, கெண்டை வகைகள் தவிடு, பிண்ணாக்கு போன்ற தாவர உணவுகளையும் உண்டு வளரும். ஆகவே, அவற்றால் கடலுக்கு ஏற்படும் பாதிப்பு குறைவு.

இரண்டாவது, ஒரு குளத்தில் எத்தனை மீன்களை விடலாம்? அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு. நெருக்கடியில் வாழும் மீன்களிடையே நோய் விரைவில் பரவும். உண்ணாமல் எஞ்சிய தீவனமும் கழிவும் மட்கும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து, மீன்கள் செத்து மிதக்கும்.

மூன்றாவது, குளம் எங்கே வெட்டப்படுகிறது? உலகின் பல கடலோரங்களில் இறால் குளங்களுக்காகச் சதுப்புநிலக் காடுகள் அழிக்கப்பட்டன. அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையில்தான் பல மீன்களும் நண்டுகளும் இறால்களும் இளம் பருவத்தைக் கழிக்கின்றன. அக்காட்டை அழித்துக் குளம் வெட்டுவது, கடல் மீன்களின் தொட்டிலைப் பறிப்பதற்குச் சமம்.

இக்கேள்விகளுக்கு விடை காணும் ஆய்வுகளில் பினாங்குக்கும் பங்குண்டு. வோர்ல்ட்ஃபிஷ் எனப்படும் உலக மீன் மையம் 2000ஆம் ஆண்டில் தன் தலைமையகத்தைப் பிலிப்பைன்ஸிலிருந்து பினாங்குக்கு மாற்றியது. இப்போது அது பத்து மாவுங்கில் இயங்குகிறது. விரைவாக வளரும் திலாப்பியாக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யும் திட்டம் 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கப்பட்டது. பின்னர், கெடா மாநிலத்தின் ஜித்ராவில் மலேசிய மீன்வளத் துறையின் துணையோடு அது தொடர்ந்தது. இதில் மரபணு மாற்றம் செய்யப்படவில்லை. நல்ல விதைநெல்லை உழவர் ஒதுக்கி வைப்பது போன்ற முறையே இது.

இம்மையத்தில் பணியாற்றிய இந்திய அறிவியலாளர் மொடடுகு விஜய் குப்தா 2005இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். வங்காளதேசத்தில், சில மாதங்களே நீர் தேங்கும் குட்டைகளிலும் சாலையோரப் பள்ளங்களிலும் மீன் வளர்க்க அவர் ஏழைக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சொந்த நிலமில்லாத பெண்கள் பலர் அதனால் வருமானம் ஈட்டினர். 2021இல் இதே பரிசைப் பெற்றவர் சகுந்தலா தில்ஸ்டெட். இவர் டிரினிடாட்டில் இந்திய வம்சாவளியில் பிறந்தவர். பெரிய கெண்டைகளோடு மோலா என்னும் சிறு மீனையும் ஒரே குளத்தில் வளர்க்கும் முறையை இவர் பரப்பினார். பெரிய மீனை விற்கலாம். தலையோடும் முள்ளோடும் உண்ணப்படும் சிறு மீன், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து ஆகியவற்றை அளிக்கும்.

இவ்விருவரும் மீனின் எடையை மட்டும் கணக்கிடவில்லை. அதனால் யார் பயனடைகிறார் என்பதையும் கருதினர். குளம் வெட்ட முதலீடு உள்ளவர் மட்டுமே பயன்பெற்று, படகையே நம்பியிருப்பவர் கைவிடப்பட்டால், அவ்வளர்ச்சியை நிலையானது என்று கூற முடியாது. ஆகவே, மீன் வளர்ப்போடு கரையோரக் கடலையும் காக்க வேண்டும்.

இதற்குப் பினாங்கு மீனவர்களே வழிகாட்டியுள்ளனர். 1994இல் தோன்றிய பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர், அழிந்துபோன கரைகளில் அலையாத்திக் கன்றுகளை நட்டு வருகின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கைத் தாக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மீன்களைப் பெருக்கும் அக்காடுகள் அலையின் வேகத்தைத் தணிக்கும் அரணும் ஆகும் என்பதைப் பலரும் அப்போது உணர்ந்தனர்.

நம் கடமையும் இதில் உண்டு. சந்தையில் மீன் வாங்கும்போது, அது கடல் மீனா வளர்ப்பு மீனா என்று கேட்கலாம். முழு வளர்ச்சி அடையாத மிகச் சிறிய கடல் மீன்களைத் தவிர்க்கலாம். ஆற்றிலும் கால்வாயிலும் குப்பை கொட்டாதிருக்கலாம். ஆயர் ஈத்தாம் ஆற்றின் நீரும் இறுதியில் கடலைத்தான் சேர்கிறது.