நான்கு நிமிடக் கோப்பி

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் எமக்கொரு கண்ணாடிக் குவளை கொணர்ந்தார். அதன் மூடியின் நடுவே ஒரு தண்டு. தண்டின் அடியில் வட்டமான மெல்லிய கம்பி வலை. பிறெஞ்ச் பிறெஸ் என்பது அதன் பெயர். ஓராண்டுக்கு மேல் அது எமது கண்ணாடி அலுமாரியில் அழகுப் பொருளாக வீற்றிருந்தது. முதல் நாளே எம்மைச் சுட்டுவிட்டதுதான் காரணம்.

அன்று நாம் செய்த பிழையை மறைப்பானேன்? உரலில் இடித்து, அரிதட்டில் அரித்தெடுத்த மாப்போன்ற தூளை, மல்லி சேர்ந்தபடியே குவளையில் இட்டோம். கொதிநீரை விளிம்புவரை வார்த்துத் தண்டை அழுத்தினோம். அது இறங்க மறுத்தது. உடற்பாரத்தைக் கொடுத்து அழுத்தவே, கோப்பி விளிம்பால் சீறிப் பாய்ந்து புறங்கையைப் பொசுக்கிற்று. குவளையை வைதோம், குற்றமோ தூளில் இருந்தது. நுண்தூள் வலையின் கண்களை அடைத்துவிட்டால் நீருக்குப் போக்கிடம் ஏது?

துணி வடியில் நீர் விரைந்து ஓடிவிடும். ஆகவே அதற்கு நுண்தூள் வேண்டும். பிறெஸ்ஸில் தூள் நீரிலேயே ஊறிக் கிடப்பதால், வறுத்த கொட்டையைப் பருத்த றவையளவுக்கு உடைத்தாலே போதும். அரை லீற்றர் நீருக்கு 30 கிராம் தூள் அளவானது. குவளையை முதலில் சுடுநீரால் அலசிச் சூடாக்கிக் கொள்க. கொதித்த கேத்தலை இறக்கி அரை நிமிடம் பொறுத்து, மேலே இரண்டு விரல் இடம் விட்டு நீரை வார்க்கவேண்டும். மிதக்கும் தூளை மரக்கரண்டியாற் கலக்கி மூடி, 4 நிமிடம் காத்திருந்து, கையின் பாரத்தாலேயே மெல்ல அழுத்துக. தண்டு இறுகினால் சற்று உயர்த்தி மீண்டும் இறக்கலாம். வலிந்து அழுத்துதல் ஆகாது. இறக்கியதும் முழுவதையும் ஊற்றிவிடுதல் நன்று. அடியில் தங்கிய தூள் தொடர்ந்து ஊறிக் கசப்பைக் கூட்டும்.

பெயர் பிறெஞ்சு ஆயினும் இதில் இத்தாலியருக்கும் பங்குண்டு. 1852இல் பாரிஸில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்னும் இருவர் இவ்வகைப் பாத்திரத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். 1929இல் கலிமானி, மொனேற்றா என்னும் இத்தாலியர் பெற்றனர்.

வீட்டிற் கொலஸ்திரோல் கூடியவர் இருப்பின் ஓர் எச்சரிக்கை. கோப்பியின் எண்ணெயிலுள்ள கஃபெஸ்ரோல் என்னும் பொருள் கொலஸ்திரோலை உயர்த்த வல்லது. தாள் வடி அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கம்பி வலை தடுக்காது. அத்தகையோர் நாள்தோறும் பலமுறை பிறெஸ் கோப்பி அருந்துவது தகாது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் கேட்டுக்கொள்க: கோப்பியிலுள்ள கஃபீனிற் பாதி உடலை விட்டு நீங்கப் பொதுவாக ஐந்து மணிநேரம் அளவில் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு அருந்திவிட்டுப் பத்து மணிக்கு உறக்கம் வரவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை.

இம்முறைப்படி நாம் இறக்கிய முதற் கோப்பையை ஆச்சியிடம் நீட்டினோம்.

“உதென்ன புதினமே? நாங்கள் அந்த நாளையிலை சட்டியிலை போட்டு, மண்டி அடைய விட்டுத்தானே குடிச்சனாங்கள்” என்றார் ஆச்சி.

பிறகு பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு, இன்னும் அரைக் கோப்பை கேட்டு வாங்கினார்.