சுத்தியல் பறந்த பிறகு

திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டு செய்கிற ஒருவரிடம் பியானோவைத் திறந்து காட்டுங்கள். பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். பூட்டுக்குள் இருப்பது போலவே இதிலும் நெம்புகோல்கள்தான்; சாவிக்குப் பதில் விரல். கட்டையை அழுத்தினால் மறுமுனை எழும்பி, கம்பளி போர்த்திய சின்ன சுத்தியலைத் தந்தியை நோக்கித் தள்ளும்.

ஒரே ஒரு இடத்தில் அவர் புருவத்தை உயர்த்தலாம். தந்தியைத் தொட ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இருக்கும்போதே சுத்தியலின் பிடி விட்டுவிடுகிறது. மிச்சத் தூரத்தை அது தானாகப் பறந்து கடக்கிறது. அதற்குப் பிறகு விரலை எவ்வளவு அழுத்தினாலும், கண்ணை மூடி உருகினாலும், அந்த ஸ்வரம் துளியும் மாறாது. அடித்த கணமே அது தேய ஆரம்பித்துவிடும். சுத்தியலின் பிடி இப்படி விட்டுவிடுவது, 1700 வாக்கில் பியானோவை உருவாக்கிய இத்தாலியின் கிறிஸ்டோஃபோரி செய்துவைத்த ஏற்பாடு.

நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அசைப்பார், வளர்ப்பார், இழைப்பார். பியானோவின் 88 கட்டைகளில் ஒன்றில்கூடக் கமகம் வராது. பிறகு எப்படி அது நம்மை அழவைக்கிறது?

கட்டையை எப்போது தொடுவது, எவ்வளவு வேகமாகத் தொடுவது, எப்போது விடுவது, பெடலை எவ்வளவு நேரம் மிதிப்பது: வாசிப்பவர் கையில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் நம் பேச்சிலும் உணர்ச்சி பாதி இவற்றில்தானே இருக்கிறது! பூ மார்க்கெட்டில் ஏலம் கூறும் குரல் உரக்க, வேகமாக, வெட்டி வெட்டி வரும். துக்க வீட்டில் அதே மனிதர் தணிந்து, நிதானமாக, சொல்லோடு சொல் ஒட்டப் பேசுவார். சோகமான இசையும் இப்படித்தான் வாசிக்கப்படுகிறது என்று இசை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வரி முடியும் இடத்தில் நல்ல கலைஞர் லேசாகத் தயங்குவார். அந்தத் தயக்கம் பெரும்பாலும் ஒரு நொடியில் சிறு பங்குதான். காது அதை அளப்பதில்லை, மனசு பிடித்துக்கொள்கிறது.

2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் லிடியன் நாதஸ்வரம் என்ற சென்னைச் சிறுவன் பியானோவை நிமிடத்துக்கு 325 தாள அடி வேகத்தில் வாசித்து அரங்கையே எழவைத்தான். வாய் பிளக்க வைத்த திறமை அது. ஆனால் என்னைக் கேட்டால், பியானோ மனசைத் தொடுவது அத்தனை வேகத்தில் அல்ல, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் விடுகிற இடத்தில்தான்.

பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே ஒரு கட்டையை மெல்லத் தொட்டும், ஓங்கி அடித்தும் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே சத்தம் வந்தால், விரலின் வேகம் அதற்குத் தெரியாது என்று அர்த்தம்; அதை வாங்காதீர்கள்.